தூக்கிச் சீவிய அக்கா

தல்லாகுளம் பஸ் ஸ்டாப்பில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தலையில் கை வைக்கிற துணிச்சல் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது.

காலை நேரக் கூட்டம். எங்களுக்கு முன்னால் ஒரு பெண் சாப்பாட்டுக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். தலை நிறைய எண்ணெய், நடுவகிடு, முடி மண்டையோடு ஒட்டிக் கிடந்தது. என்னிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்த எங்கள் விடுதி அக்கா பேச்சை நிறுத்தினார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். கைப்பையைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். “அக்கா, வேணாம்” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வால் சீப்பு வெளியே வந்துவிட்டது.

“ஏம்மா, ஒரு நிமிசம் திரும்பாம நில்லு.”

“என்னாங்க, பூச்சியா?” என்று அந்தப் பெண் பதறினாள்.

“பூச்சியெல்லாம் இல்ல. அசையாத.”

நடுவகிட்டைச் சீப்பின் வாலால் கலைத்துக் கோணலாக ஒரு வகிடு எடுத்தார். இடப்பக்கம் ஒரு கற்றையை நேராகத் தூக்கிப் பிடித்து, நுனியிலிருந்து வேரை நோக்கித் தலைகீழாகச் சீவினார். நாலைந்து முறை அப்படித் தள்ளினால் வேர்ப்பக்கம் முடி பஞ்சுபோலச் சிக்கிக்கொண்டு நிற்கும். அதன்மேல் வெளிமுடியை மெல்ல இழுத்து மூடி ஒரு ஊசி குத்திவிட்டால் தலை விரற்கடை அளவு உயர்ந்துவிடும். இடப்பக்கம் முடிந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. பாதித் தலை எழும்பியும் பாதி படிந்தும் இருக்க, அந்தப் பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். அக்கா பஸ்ஸோடு கொஞ்ச தூரம் ஓடினார்.

“வலதுபக்கம் நீயே தூக்கி விட்டுக்க! கீழருந்து மேல தள்ளு!”

அந்தப் பெண் ஜன்னல் வழியாகப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா, சிரிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா மூச்சு வாங்கத் திரும்பி வந்து, “பாதியில போயிருச்சு பாரு” என்று அன்று முழுவதும் புலம்பினார்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வக்கீல் ஆபீஸ் ஒன்றில் டைப் அடிக்கிற வேலைக்காக மதுரைக்கு வந்து, தல்லாகுளத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சேர்ந்தேன். விடுதி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாலு அறைகள் உள்ள ஒரு பழைய வீடு. வார்டன் அம்மா என்று நாங்கள் கூப்பிட்ட வீட்டுக்காரம்மா கீழே குடியிருந்தார். சேர்வதற்கு முன்புதான் எனக்கு டைஃபாய்டு வந்து முடி பாதிக்குமேல் கொட்டியிருந்தது. முதல் நாள் காலையில் குளியலறைக்கு வெளியே இருந்த கண்ணாடி முன் நின்று, இருக்கிற முடியை எந்தப் பக்கம் இழுத்தால் மண்டை தெரியாது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து இரண்டு கைகள் என் தலைக்குள் நுழைந்தன.

“காய்ச்சல்ல கொட்டுச்சா? கொட்டட்டும். முடி எம்புட்டு இருக்குங்கிறதா முக்கியம்? எம்புட்டு இருக்கிற மாதிரி தெரியுதுங்கிறதுதான் பிள்ள முக்கியம்.”

அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. பெயர்கூடக் கேட்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் என் தலையில் கொஞ்சம் முகப்பவுடரைத் தூவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தார், தூக்கிச் சீவினார், வாயில் கவ்வியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகக் குத்தினார். கண்ணாடியில் காய்ச்சல் வராத ஒரு பெண் தெரிந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா அதற்குள் அடுத்த அறைக்குப் போயிருந்தார்.

அவரிடம் விலை கூடிய சாமான் எதுவும் இருந்ததில்லை. டவுன்ஹால் ரோட்டு நடைபாதையில் வாங்கிய சீப்பு, ஒரு டப்பா கொண்டை ஊசி, உருண்டைக் கொண்டை போடுவதற்காகச் சுருட்டித் தைத்த பழைய சாக்ஸ். வீடு கட்டுகிற இடத்தில் எலக்ட்ரீசியன்கள் வெட்டிப் போட்ட வயரிங் பைப் துண்டுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, விரல் நீளத்துக்கு அறுத்து வைத்திருப்பார். ஈர முடியை அதில் சுருட்டிக் காயவிட்டால் அலை அலையாக எழும்பி நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஐந்தாறு பேர் தலைக்குக் குளித்துவிட்டு, ஒரே டேபிள் ஃபேனுக்கு முன்னால் இடுப்பை வளைத்துத் தலையைக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டு நிற்போம். கீழே தொங்கவிட்டுக் காயவைத்தால் வேர் நிமிர்ந்து நிற்கும் என்பது அவர் கட்டளை. ஒருமுறை எங்கிருந்தோ ஒரு பழைய ஹேர் டிரையரை வாங்கி வந்து போட்டதும் வீடு முழுக்க ஃபியூஸ் போய்விட்டது. மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் இல்லை.

“இந்தப் பொண்ணு கால்ல சக்கரம், கையில கரண்டு” என்று வார்டன் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். “ஒரு இடத்துல உக்காரு தாயி. உன்னயப் பாத்தாலே எனக்குப் படபடன்னு வருது.”

அக்கா உட்கார மாட்டார். இதை நாங்கள் எல்லோரும் கவனித்திருந்தோம். நின்றுகொண்டே சாப்பிடுவார், தட்டைக் கையில் ஏந்தி வராந்தாவில் இங்கிட்டும் அங்கிட்டும் நடப்பார். டி.வி. பார்ப்பதும் சுவரில் சாய்ந்து நின்றுதான். காலியான பஸ்ஸில்கூடக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இறங்குகிற இடத்துக்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி மிச்சத்தை நடந்துவிடுவார். வேலையும் அப்படித்தான். ஃபேன்சி ஸ்டோர் ஒன்றில் கொஞ்ச நாள், ரெடிமேட் கடையில் கொஞ்ச நாள். பிறகு ஒரு போட்டோ ஸ்டூடியோ. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்க வருகிற பெண்களுக்குப் பொட்டு வைத்து, முடியைத் தூக்கிவிட்டு, கேமரா முன் நிறுத்துகிற வேலை. அவருக்கென்றே செய்த வேலை மாதிரி இருந்தது. அதையும் விட்டுவிட்டார்.

“ஏன்க்கா?” என்று கேட்டேன்.

“போட்டோல நான் தூக்கி விட்டுர்றேன். நேர்ல பாக்க வரும்போது அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணும்?” என்றார். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தார், பிரித்து மறுபடியும் மடித்தார்.

அவர் சௌராஷ்டிரா வீட்டுப் பெண். வீடு தெற்குவாசல் பக்கம்தான், ஒரு டவுன் பஸ் தூரம். ஆனாலும் விடுதியில் இருந்தார். முனையிலிருந்த டெலிபோன் பூத்துக்குப் போய் எங்களுக்குப் புரியாத அவருடைய வீட்டுப் பேச்சில் அம்மாவோடு பேசுவார். பேச்சு எப்போதும் உரக்கத் தொடங்கி, தணிந்து, சட்டென்று முடியும். தீபாவளிக்குக்கூட வீட்டுக்குப் போகவில்லை. நாங்களும் கேட்டதில்லை.

ஒரு கோடையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பலரும் ஊருக்குப் போயிருந்தார்கள். முதல்முறையாக அவர் படுத்துக் கிடப்பதைப் பார்த்தேன். உடம்பு கொதித்தது. நனைத்த துணியை நெற்றியில் போட்டு, வியர்வையில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டேன். ஊசிகள் கழன்று தலையணையில் கிடந்தன. தூக்கி வைத்த முடி சரிந்து விலகியது. உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. வழவழவென்று, குழந்தையின் கன்னம் போல இருந்தது. அவர்மேல் எப்போதும் லேசாக அடிக்கும் வெங்காய வாசனை எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம் தேய்ப்பார்கள்.

அக்கா கண்ணைத் திறந்தார்.

“பாத்துட்டியா?”

நான் தலையசைத்தேன்.

“ஒரு இடத்துல மொளைக்கும், இன்னொரு இடத்துல கொட்டும். அதுவும் என்னை மாதிரிதான். ஒரு இடத்துல இருக்காது” என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு, காய்ச்சலின் வேகத்திலோ என்னவோ, சொல்லிவிட்டார்.

கல்யாணத்தின்போது அது சின்னதாக இருந்ததாம். அவருடைய அம்மா சவுரி வைத்துப் பின்னி, பூவைச் சுற்றி, வெளியே தெரியாமல் மூடிவிட்டார். மாப்பிள்ளை வீடு திண்டுக்கல் பக்கம். அங்கே போன ஒரு மாதத்திலேயே மாமியார் எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்று உட்காரவைத்தபோது தெரிந்துவிட்டது.

“கூடத்துல டியூப் லைட்டுக்குக் கீழ உக்கார வச்சாங்க. எந்திரிக்க விடல. நாத்தனார், சித்தி, பக்கத்து வீடுன்னு ஒவ்வொருத்தரா வந்து குனிஞ்சு பாத்தாங்க. ஒருத்தி வெளிச்சம் பத்தலைன்னு டார்ச் லைட்டுக் கொண்டாந்தா. என் மண்டையில அந்தச் சூடு இன்னும் இருக்கு பிள்ள.”

“அவரு?”

“பக்கத்துலதான் இருந்தாரு. பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தாரு.”

அதற்குப் பிறகு அவரால் யார் முன்னாலும் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் நிற்கிறவர்களுக்கு உச்சந்தலை தெரியும். அம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருந்தார். தம்பிக்குப் பெண் பார்க்கிற நேரம், மூத்தவள் வாழாமல் வந்து இருப்பது தெரிந்தால் நல்லதில்லை என்றார்கள். கிளம்பி வந்துவிட்டார். “அம்மா மறைச்சதும் நெசம்தானே. யாரை நோக?” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

காய்ச்சல் விட்டதும் மறுபடி சீப்பும் ஊசியும் நடையும்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் ஒரு திங்கட்கிழமை கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறவள் என்பதால் அக்கா அதை என்னிடம்தான் நீட்டினார். நோயை மறைத்து ஏமாற்றிக் கல்யாணம் செய்துவைத்ததாகச் சொல்லி, புருஷன் விவாகரத்து கேட்டிருந்தார். படித்துக் காட்டினேன். “ஏமாத்தி” என்ற சொல்லை மட்டும் அக்கா ஒருதரம் திருப்பிச் சொன்னார். அந்த வாரம் முழுக்க அவர் ஒரு நிலையில் இல்லை. கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினார், மறுநாள் கதவுப் பக்கம் நகர்த்தினார். துவைத்த புடவையை மறுபடியும் துவைத்தார். எங்கள் வக்கீலே வழக்கை எடுத்துக்கொண்டார்.

அதே வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான் செல்வியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

செல்வி எங்கள் அறையில் மூன்றாவது ஆள். சமயநல்லூருக்கு மேற்கே விவசாயம் பார்க்கிற குடும்பம். கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிற வேலை. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவள். மஞ்சள் காமாலை வந்ததிலிருந்து அவளுக்கும் முடி மெலிந்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு இடம் அதைச் சொல்லியே தட்டிப் போயிருந்தது. இந்த முறை அழகர்கோவிலில் வைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. கோவிலுக்கு வந்த மாதிரி இரண்டு வீட்டாரும் வந்து, பிடித்தால் மேலே பேசுவது, இல்லாவிட்டால் சாமி கும்பிட்ட கணக்கில் திரும்பிவிடுவது.

“அக்கா, இந்தத் தடவ உன் கையிலதேன் இருக்கு” என்றாள் செல்வி.

அக்கா சனிக்கிழமையே அவள் முடியை அலசி, பைப் துண்டுகளில் சுருட்டிவிட்டார். ஞாயிறு காலையில் பிரித்து, கற்றை கற்றையாகத் தூக்கிச் சீவி, பின்னலுக்குள் கறுப்புக் கம்பளி நூலைச் சேர்த்து, மேலே மல்லிகையைச் சுற்றினார். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு முடியை நான் பார்த்ததில்லை. செல்வி கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. அக்கா மட்டும் சந்தோஷப்படவில்லை. ஒரு ஊசியைக் குத்துவதும் எடுப்பதுமாக இருந்தார்.

நாங்கள் மூவரும் பஸ்ஸில் போனோம். செல்வியின் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து நேராக வந்திருந்தார்கள். மலையடிவாரத்தில் குரங்குகள் பழக்கடைகளைச் சுற்றிச் சுற்றி வந்தன. மண்டபத்தில் ஓரமாக விரித்த ஜமுக்காளத்தில் மாப்பிள்ளையின் அம்மா, தமக்கை, இரண்டு பெரியவர்கள். மாப்பிள்ளை கொஞ்சம் தள்ளித் தூணோரம் நின்றார். செல்வி எல்லோரையும் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். வேலை, சம்பளம், சமையல் என்று கேள்விகள் சுமுகமாகப் போயின. எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

“பிள்ளைக்கு முடி என்னா அடர்த்தி!” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “எங்க வீட்டுல அம்புட்டுப் பேருக்கும் நல்ல முடி. வர்ற மருமகளுக்கும் அப்படி இருக்கணும்னு நெனச்சேன்.” சொல்லிக்கொண்டே ஆசையாகச் செல்வியின் தலையை நோக்கிக் கையை நீட்டினார்.

எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த அக்கா அங்கே இல்லை. ஜமுக்காளத்தின் நடுவில் நின்றார்.

“தொடாதீங்கம்மா. அது அம்புட்டும் நான் தூக்கி வச்சது.”

நீட்டிய கை அப்படியே நின்றது.

“உள்ள முடி கம்மி. காமாலையில கொட்டிருச்சு. நல்ல பிள்ள, கெட்டிக்காரி. இப்பவே தெரிஞ்சுக்கங்க. கட்டிக்கிட்டுப் போன பெறகு உக்கார வச்சுப் பாக்காதீங்க.”

செல்வியின் அம்மா எழுந்துவிட்டார். “ஏய், யாருடி நீ? எங்க பிள்ளையப் பத்திச் சொல்றதுக்கு நீ யாரு? ஒன்னய யாரு கூப்பிட்டா இங்க?”

மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் கையை மடியில் வைத்துக்கொண்டார். “கோவில்ல வச்சுச் சத்தம் வேணாம். நாங்க கலந்துக்கிட்டுச் சொல்லி விடுறோம்” என்றார். எல்லோருக்கும் பதில் தெரிந்துவிட்டது. செல்வி குனிந்த தலை நிமிரவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அக்கா பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றார். செல்வி தலையிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அக்காவின் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். பூவைக் கழற்றினாள், கம்பளி நூலை உருவினாள். எல்லாம் முடிந்த பிறகுதான் பேசினாள்.

“சொல்லணும்னா நான் சொல்லியிருப்பேன்ல? எனக்கு வாய் இல்லியா?”

அக்கா கை நிறைய ஊசிகளை மூடிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

அந்தச் சம்பந்தம் கூடி வரவில்லை. அன்றிலிருந்து செல்வி அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே அறை, ஒரே கண்ணாடி. அக்கா உள்ளே வந்தால் செல்வி வெளியே போனாள். அக்கா செய்தது சரியா தப்பா என்று நான் இன்றுவரை எனக்குள் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு நாள் அக்கா பக்கம் சாய்கிறேன், ஒரு நாள் செல்வி பக்கம். அவமானம் இன்னதென்று தெரிந்தவர் அதைத் தடுக்கப் பார்த்தார். ஆனால் தடுக்கப்போய் ஒரு பெண்ணைப் பத்துப் பேர் முன்னால் தலைகுனிய வைத்தார். இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே நேரத்தில் வந்தன.

அக்காவுக்கும் அது தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். அதன்பிறகு அவர் யார் தலையையும் தொடவில்லை. பஸ் ஸ்டாப்பில் படிந்த தலைகளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

கோர்ட்டில் வாய்தா நாள் வந்தது. முந்தின நாள் எங்கள் வக்கீல் அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “தலையை நல்லா அலங்காரம் பண்ணிட்டு வாங்கம்மா. பாக்கிறவங்களுக்கு ஒரு குறையும் தெரியக் கூடாது. நோய்னு அவங்க சொல்றதே நிக்காது.” அக்கா சரி என்று தலையாட்டினார்.

காலையில் அவர் அறையிலிருந்து வெளியே வந்தார். தலைக்குக் குளித்து, எண்ணெய் வைத்து, நடுவகிடு எடுத்து முடியைப் படியச் சீவிப் பின்னியிருந்தார். ஒரு ஊசிகூட இல்லை. உச்சந்தலையில் வெள்ளையாக அந்த இடம் பளிச்சென்று தெரிந்தது. நான் முன்பு பார்த்ததைவிடப் பெரிதாகியிருந்தது.

“அக்கா, சீப்பைக் குடுங்க. நான் தூக்கிச் சீவி விடுறேன்” என்றேன்.

“வேணாம் பிள்ள. எம்புட்டு நாள்தான் தூக்கிப் பிடிச்சிக்கிட்டே திரியிறது? கை வலிக்குது.”

கோர்ட்டுக்கு நடந்தே போனோம். எதிரே வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா வேகத்தைக் குறைக்கவில்லை. வராந்தாவில் எங்கள் வக்கீல் அவரைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கொஞ்சம் தள்ளி, பெஞ்சில் ஒரு வயதான அம்மாவும் அவர் பக்கத்தில் சட்டைப்பையில் பேனா குத்திய ஒரு ஆளும் இருந்தார்கள். அந்த அம்மா அக்காவின் தலையைப் பார்த்தார், உடனே வேறு பக்கம் திரும்பினார். அக்கா நேராக அவர் முன்னால் போய் நின்று, இடுப்பை வளைத்துத் தலையைக் குனிந்தார்.

“அன்னைக்கு டார்ச் அடிச்சுப் பாத்தீங்க. இப்பப் பகல். நல்லாப் பாத்துக்கங்க.”

“என்னம்மா இது, எல்லாரும் பாக்கிறாங்க” என்று அந்த அம்மா பின்னால் நகர்ந்தார்.

“பாக்கட்டும். எங்க வீட்டுல மறைச்சது தப்பு. எங்க அம்மாவுக்காக நானே ஒத்துக்கிறேன். உள்ள போயும் ஒத்துக்குவேன். ஆனா ஊரைக் கூப்பிட்டுக் காட்டுனீங்களே, அதையும் நான் உள்ள சொல்லுவேன்.”

அந்த ஆள் எழுந்தார். முதல்முறையாக அக்காவின் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். எங்கள் வக்கீலிடம் வந்து தாழ்ந்த குரலில், “குத்தம் ஒண்ணும் எழுத வேணாம் சார். சம்மதமாவே பிரிஞ்சுக்கிறோம்” என்றார்.

சில மாதங்களில் அப்படியே முடிந்தது. முடிந்த வாரமே அக்கா விடுதியைக் காலி செய்தார். கோயம்புத்தூரில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை என்றார். ஆட்டோ வந்து நின்றபோது செல்வி துணி காயப்போடுகிறேன் என்று மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். அக்கா கொஞ்ச நேரம் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். “வாரேன் பிள்ள” என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கோர்ட்டில் நடந்ததைச் செல்வியிடம் முழுதாகச் சொன்னேன். புழுவெட்டு, டார்ச் லைட், எல்லாம். இனி மறைக்க என்ன இருக்கிறது? செல்வி கேட்டுக்கொண்டே துணிகளை மடித்தாள்.

“இத ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?” என்று மட்டும் கேட்டாள்.

அக்கா கோயம்புத்தூரிலிருந்து எப்போதாவது முனையிலிருந்த டெலிபோன் பூத்துக்குப் போன் செய்வார். பூத்து நடத்துகிற அம்மா ஆள் அனுப்பி என்னைக் கூப்பிடுவார். ஒவ்வொரு முறையும் கடைசியில் அக்கா கேட்கிற கேள்வி ஒன்றுதான். “செல்வி இருக்காளா?” ஒவ்வொரு முறையும் நான் “வெளிய போயிருக்கா” என்பேன். அது பொய் என்று அவருக்குத் தெரியும். “சரி, சரி” என்று வைத்துவிடுவார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் சாயங்காலம் போன் வந்திருப்பதாகச் சொன்னார்கள். நான் செருப்பை மாட்டும்போது செல்வியும் எழுந்தாள்.

“நானும் வாரேன். சும்மா நடந்துட்டு வரலாம்னுதேன். பேசச் சொல்லாத.”

பூத்தில் நான் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். செல்வி என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினாள். என்னை வெளியே தள்ளிக் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே தூறல். கதவுக்குள் அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். விரலை நீட்டினாள். மூக்கை முந்தானையில் துடைத்தாள். எனக்குப் பின்னால் போன் பேசக் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பூத்து நடத்துகிற அம்மா இரண்டு முறை கண்ணாடியைத் தட்டினார். செல்வி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒருவழியாகக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

“என்னாச்சு? என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“அவங்க எங்க சொன்னாங்க? அழுதுக்கிட்டே இருந்தாங்க. நாந்தேன் திட்டுனேன்.”

மழைக்குள் இறங்கி நாலடி நடந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

“அடுத்த ஞாயித்துக்கிழமையும் போன் போடச் சொல்லியிருக்கேன். இன்னும் பாதிகூடத் திட்டி முடிக்கல.”